75 சத ஆசனம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையை வானொலியோடு தொடர்புடைய ஒரு சம்பவத்திலிருந்து ஆரம்பிக்க விரும்புகிறேன். 1945ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே நியூயோர்க் நகரில் பத்திரிகை விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பத்திரிகைகள் வீடுகளுக்கு வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதைகளுக்காகக் காத்திருந்த பிள்ளைகளுக்குப் பெரிய ஏமாற்றம். அப்பொழுது அந்நகரின் மாநகர முதல்வர், நகரத்துக்கே சொந்தமாயிருந்த வானொலி நிலையத்தின் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து அமர்ந்து, அந்தச் சித்திரக்கதைகளைக் குரலை ஏற்றியும் இறக்கியும், கையை ஆட்டியும், ஒரு நாடகம் போலவே வாசித்துக் காட்டினார். அவர் பெயர் ஃபியொரெல்லோ லா கார்டியா. குள்ளமானவர், பருத்தவர், கீச்சுக் குரல். அவருடைய பெயரைத் தாங்கிய விமான நிலையத்திலே நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். எத்தனை பேருக்கு அந்த மனிதரைத் தெரியும் என்பது வேறு விடயம்.

நான் இன்று பேசப் போவது அவர் கட்டிய விமான நிலையத்தைப் பற்றியல்ல. அவர் ஏற்படுத்திய ஓர் ஒபெரா நிறுவனத்தைப் பற்றி. ஒரு மாநகர சபை தண்ணீர்க் குழாயையும் தெரு விளக்கையும் போல ஒபெராவையும் சாதாரண சனங்களுக்கு வழங்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நியூயோர்க் நகரம் எழுபது வருடங்களாக ஒரு பதிலைச் சொல்லிப் பார்த்தது. அந்தப் பதில் எப்படி ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்பதே இன்றைய விடயம்.

ஒபெராவை நாம் இசை நாடகம் என்று ஒரு சொல்லிலே தமிழாக்கிவிடுகிறோம். பிழையில்லை. பாத்திரங்கள் அனைத்தும் பாடியே பேசும் என்ற வகையிலே எங்கள் நாட்டுக்கூத்துக்கு அது தூரத்து உறவுதான். ஆனால் செலவு விடயத்தில் உறவு முறிந்துவிடுகிறது. கூத்துக்கு ஊரே கைகொடுக்கும். அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் பிற்பாட்டுக்காரரும் போதும். ஒபெராவுக்கு அறுபது எழுபது வாத்தியக் கலைஞர்கள் வேண்டும். தனியான கூட்டுப்பாடற் குழு வேண்டும். காட்சிக்குக் காட்சி மாறும் அரங்க அமைப்பு வேண்டும். ஒலிபெருக்கி இல்லாமலே அத்தனை வாத்தியங்களுக்கும் மேலாகத் தன் குரலை நிறுத்தக்கூடிய பாடகர்கள் வேண்டும். அந்தக் குரலைப் பெறுவதற்குப் பத்துப் பதினைந்து வருடப் பயிற்சி வேண்டும். ஆகவே நுழைவுச்சீட்டுப் பணத்தால் மட்டும் ஒபெரா எங்கும் பிழைத்ததில்லை. யாரோ ஒருவர் மிச்சத்தைக் கொடுக்கவேண்டும். ஐரோப்பாவிலே முதலில் அரசர்கள் கொடுத்தார்கள், பின்னர் அரசாங்கங்கள் கொடுத்தன. அமெரிக்காவிலே கொடுத்தவர்கள் பணக்காரர்கள். கொடுத்தவர்கள் தங்களுக்கு வசதியான ஆசனங்களையும் பிடித்துக்கொண்டார்கள்.

நியூயோர்க்கிலே ஒபெரா மண்டபம் என்றாலே சாதாரண மக்களுக்கு ஒரு வெறுப்பு இருந்தது. 1849ஆம் ஆண்டு மே 10ஆம் திகதி அஸ்ரர் பிளேஸ் ஒபெரா மண்டபத்தின் முன்னால் நடந்த கலவரம் இதற்குச் சாட்சி. அன்று உள்ளே நடந்தது ஒபெராவல்ல, ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம். ஆங்கிலேய நடிகர் மக்ரெடிக்கும் அமெரிக்க நடிகர் ஃபொரெஸ்ற்றுக்கும் இருந்த போட்டியே வெளிக்காரணம். ஆனால் உண்மையான கோபம் சீமான்களின் மண்டபத்தின் மீது. இராணுவம் சுட்டது, இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஒரு நாடகத்துக்காகவா என்று நாம் கேட்கலாம். நாடகத்துக்காக அல்ல.

சீமான்களுக்குள்ளும் சண்டை இருந்தது. பழைய பணக்காரர்களின் இசை மண்டபத்திலே தனி மாடங்கள் கிடைக்கவில்லை என்பதற்காகவே வண்டர்பில்ட் குடும்பம் போன்ற புதிய பணக்காரர்கள் சேர்ந்து புதிய மண்டபம் ஒன்றைக் கட்டினார்கள். அதுதான் 1883இல் புரோட்வேயும் 39ஆம் வீதியும் சந்திக்கும் இடத்தில் திறக்கப்பட்ட, உலகப் புகழ்பெற்ற மெட்ரோபொலிட்டன் ஒபெரா. அதன் மாடங்களின் வரிசைக்கு வைர லாடம் என்று பெயர். அங்கே அமர்ந்திருந்த சீமாட்டிகளின் நகைகளை வைத்து உண்டான பெயர் அது. மேடையைப் பார்ப்பதற்கு வசதியற்ற ஆசனங்கள் பல அந்த மண்டபத்திலே இருந்தன. மாடங்களைப் பார்ப்பதற்கு மட்டும் குறையில்லை.

இந்தப் பின்னணியிலேதான் லா கார்டியா வருகிறார். அவருடைய தந்தை அக்கிலே, இத்தாலியிலிருந்து வந்த வாத்தியக் கலைஞர். அமெரிக்க இராணுவத்திலே பாண்ட் வாத்தியக் குழுவின் தலைவராக இருந்தவர். மகன் 1882இல் நியூயோர்க்கில் பிறந்தாலும், வளர்ந்தது அரிசோனாவின் இராணுவ முகாம்களில். தந்தையே அவருக்கு கோர்னெட் என்னும் ஊதுவாத்தியத்தைப் பழக்கினார். 1898இல் ஸ்பானிய யுத்தம் வந்தபோது, ஒப்பந்தக்காரர்கள் இராணுவத்துக்கு விற்ற பழுதான இறைச்சியை உண்டு அந்தத் தந்தை நோயாளியானார். சில வருடங்களில் இறந்தும் போனார். ஊழல்காரர்கள் மீது தமக்கிருந்த தீராத பகைக்கு இதைத்தான் லா கார்டியா காரணமாகச் சொல்வார். இசையும் அரசியலும் அவரிடத்தில் ஒரே வீட்டிலிருந்து வந்தவை.

1934இலிருந்து 1945 வரை மூன்று தவணைகள் அவர் மாநகர முதல்வராக இருந்தார். பல தலைமுறைகளாக நகர நிர்வாகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த டமனி ஹோல் என்ற கட்சி இயந்திரத்தை வென்று வந்தவர். 1936இல் இசைக்கும் ஓவியத்துக்குமென்று நகரத்தின் செலவில் ஒரு உயர்தரப் பாடசாலையை ஏற்படுத்தினார். அடுத்ததாக அவர் மனதில் இருந்தது அரங்கு.

இங்கே உள்ளூராட்சியின் ஒரு சுவையான கதை இருக்கிறது. 55ஆம் வீதியில் மெக்கா டெம்பிள் என்று ஒரு கட்டடம். பெயரைக் கேட்டு ஏமாறக்கூடாது. அது பள்ளிவாசலுமல்ல, கோயிலுமல்ல. ஷ்ரைனர்கள் என்னும் சகோதர சங்கத்தார் 1920களிலே அராபியப் பாணியில் குவிமாடமும் ஓட்டு வேலைப்பாடுகளுமாகக் கட்டிய கூட்ட மண்டபம். பொருளாதார மந்தம் வந்தது. சங்கத்தாரால் வரி கட்ட முடியவில்லை. கட்டடம் வரிப்பாக்கிக்காக மாநகர சபையின் கைக்கு வந்து சேர்ந்தது. வரி நிலுவைக்காக எடுத்த காணியை எந்த மாநகர சபையும் என்ன செய்யும்? ஏலத்தில் விற்கும், அல்லது வாகனத் தரிப்பிடமாக்கும். லா கார்டியாவும் மாநகர சபைத் தலைவராக இருந்த நியூபோல்ட் மொரிஸும் வரிச் சட்டத்தில் வல்லவரான மோட்டன் பாம் என்பவரும் சேர்ந்து அதை ஒரு மக்கள் அரங்காக மாற்றினார்கள். சிற்றி சென்டர் என்று பெயர் வைத்தார்கள். 1943 டிசெம்பர் 11ஆம் திகதி, லா கார்டியாவின் பிறந்தநாளன்று, நியூயோர்க் ஃபில்ஹார்மொனிக் வாத்தியக் குழுவின் கச்சேரியோடு அது திறக்கப்பட்டது.

சில வாரங்களின் பின், 1944 பெப்ரவரி 21ஆம் திகதி, அந்த மேடையிலே நியூயோர்க் சிற்றி ஒபெரா தன் முதலாவது நிகழ்ச்சியை நடத்தியது. புச்சினியின் டொஸ்கா. ஹங்கேரியிலிருந்து வந்த லாஸ்லோ ஹலாஸ் அதன் முதற் பணிப்பாளர். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆகக் குறைந்த நுழைவுச்சீட்டு 75 சதம். ஆகக் கூடியதும் இரண்டு டொலரை ஒட்டியதுதான். மேடை ஆழமில்லாதது, காட்சிகள் எளிமையானவை, பாடகர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஆனால் உடை விதி இல்லை, வைர லாடம் இல்லை. தையற்சாலைத் தொழிலாளியும் பாடசாலை ஆசிரியரும் நேராக வேலையிலிருந்து வந்து அமரலாம்.

மலிவு விலை ஒரு பக்கம். மேடையில் யார் நிற்கலாம் என்பது மற்றொரு பக்கம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1945 செப்டெம்பரிலே டொட் டங்கன் என்ற கறுப்பினப் பாடகர், லெயொன்கவாலோவின் பாலியாச்சி ஒபெராவில் டோனியோ என்ற பாத்திரத்தைச் சிற்றி ஒபெராவிலே பாடினார். கெர்ஷ்வினின் போர்கி அண்ட் பெஸ் 1935இல் முதன்முதல் மேடையேறியபோது போர்கியாகப் பாடியவர் இவர்தான். ஆனால் அது கறுப்பினத்தவரின் கதை, கறுப்பினத்தவரின் பாத்திரம். இதுவோ ஓர் இத்தாலியப் பாத்திரம்; சுற்றி நின்றவர்கள் வெள்ளையர்கள். அமெரிக்காவின் பெரிய ஒபெரா நிறுவனமொன்றிலே அதற்கு முன்னர் இது நடந்ததில்லை. மறு வருடம், 1946 மே மாதத்தில், கமிலா வில்லியம்ஸ் என்ற இளம் கறுப்பினப் பெண் மடாம் பட்டர்ஃபிளையாக மேடைக்கு வந்தார். மெட்ரோபொலிட்டன் ஒபெராவிலே முதலாவது கறுப்பினக் குரல் எப்பொழுது ஒலித்தது தெரியுமா? 1955 ஜனவரி 7ஆம் திகதி. மரியன் அண்டர்சன். அவருக்கு அப்பொழுது ஐம்பது வயதைக் கடந்துவிட்டது. உலகம் முழுவதும் புகழ்ந்த அந்தக் குரல் தன் மிகச் சிறந்த வருடங்களை மெட்ரோபொலிட்டனின் கதவுக்கு வெளியே கழித்தது. 55ஆம் வீதியிலிருந்து 39ஆம் வீதி நடந்தே போகக்கூடிய தூரம். அந்தத் தூரத்தைக் கடக்கக் கறுப்பினக் கலைஞர்களுக்குக் கிட்டத்தட்டப் பத்து வருடங்கள் எடுத்தன.

75 சத ஆசனத்தில் இருந்தவர்களுக்கும் மேடையில் நின்றவர்களுக்கும் தொடர்பு இருந்தது என்றே நான் நம்புகிறேன். மாடங்களுக்குப் பணம் கட்டியவர்கள் யார் பாட வேண்டும் என்பதிலும் தமக்கு ஒரு சொல் இருப்பதாக நினைத்தார்கள். மக்கள் அரங்கிலே அப்படி நினைப்பதற்கு யாருக்கும் உரிமை இருக்கவில்லை.

ஆனால் லா கார்டியாவின் திட்டத்திலே தொடக்கத்திலிருந்தே ஒரு குறை இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. நகரம் ஒரு கூரையைக் கொடுத்தது. உலைக்கு அரிசி கொடுக்கவில்லை. வரிப்பணத்திலிருந்து வருடாந்தம் இவ்வளவு என்று ஒதுக்கியிருந்தால் அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்கு அவல் கிடைத்திருக்கும் என்பது உண்மைதான். யுத்த காலத்திலே, உணவுப் பொருட்களுக்கும் பங்கீடு இருக்கும்போது, இத்தாலியப் பாட்டுக்கு வரிப்பணமா என்று கேட்டிருப்பார்கள். ஆகவே அவர் கட்டடத்தை மட்டும் கொடுத்தார். நஷ்டத்தைத் தொழிற்சங்கங்களும் நன்கொடையாளர்களும் சுமந்தார்கள். ஜேர்மனியின் நகரங்களைப் பாருங்கள். நடுத்தர நகரமொன்றிலே கூட ஒபெரா மண்டபத்தின் சம்பளப் பட்டியல் நகரத்தின் அல்லது மாநிலத்தின் வரவு செலவுத் திட்டத்திலே இருக்கிறது. நியூயோர்க்கிலே அது ஒருபோதும் அப்படி இருக்கவில்லை. லா கார்டியா 1945இன் முடிவில் பதவியை விட்டார். நியூபோல்ட் மொரிஸ் இரண்டு தடவை மாநகர முதல்வர் பதவிக்குப் போட்டியிட்டு இரண்டு தடவையும் தோற்றார். மலிவு விலை ஒபெராவைக் கேட்டவர்கள் அதற்காக வாக்களித்ததாகத் தெரியவில்லை.

இருந்தும் அது பிழைத்தது. பெருமளவுக்கு மோட்டன் பாமின் பிடிவாதத்தாலும், 1957இலிருந்து 1979 வரை பணிப்பாளராக இருந்த ஜூலியஸ் ருடெலின் உழைப்பாலும் பிழைத்தது எனலாம். ருடெல் பதினேழு வயதிலே வியன்னாவிலிருந்து தப்பி வந்த அகதி. அமெரிக்க இசையமைப்பாளர்களின் புதிய ஒபெராக்களையே ஒரு பருவம் முழுவதும் மேடையேற்றிப் பார்த்த துணிச்சல்காரர்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலே நியூயோர்க்கில் வாழும் என் மருமகனிடம் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை தனியாக நிலக்கீழ் புகையிரதத்தில் ஏறி 66ஆம் வீதியில் இறங்கினேன். சிற்றி ஒபெரா அப்பொழுது 55ஆம் வீதியை விட்டு முப்பது வருடங்களாகிவிட்டன. லிங்கன் சென்டர் என்னும் பிரமாண்டமான கலை வளாகத்திலே ஸ்டேட் தியேட்டர் என்ற மண்டபத்திலே அது குடியிருந்தது. ஆக மலிவான சீட்டை வாங்கினேன். எங்கள் சினிமாக் கொட்டகைகளில் கலரி கீழே, திரைக்குப் பக்கத்தில். அங்கே கலரி வானத்துக்குப் பக்கத்தில். ஏறி ஏறி மூச்சு வாங்கிப் போய் உட்கார்ந்தால் மேடையில் நிற்பவர் சுண்டுவிரல் அளவில் தெரிகிறார்.

அன்று லா போஎம். குளிரிலே கதிரையை உடைத்து எரிக்கும் நிலையிலுள்ள ஏழைக் கலைஞர்களின் கதை. அதைப் பார்ப்பதற்கு அந்த உயரத்து ஆசனம் பொருத்தமானதே என்று எண்ணிக்கொண்டேன். மேடைக்கு மேலே ஒரு பலகையிலே பாட்டின் பொருள் ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இதை அமெரிக்க ஒபெரா நிறுவனங்களிலே முதலில் செய்தது சிற்றி ஒபெராதான், 1983இல். பக்கத்திலிருந்த மெட்ரோபொலிட்டன் இதை நீண்டகாலம் ஏளனமாகப் பார்த்தது. 1995இலேயே தன் ஆசனங்களின் பின்புறத்தில் அந்த வசதியைச் செய்தது. மொழி தெரியாதவனுக்குப் பொருள் சொல்வது கலைக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

எனக்குப் பக்கத்து ஆசனத்திலே ஒரு முதியவர். இடைவேளையில் பேச்சுக் கொடுத்தார். ஆடை வெட்டும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர். 1944இலே இராணுவச் சீருடையோடு 55ஆம் வீதியில் தன் முதல் ஒபெராவைப் பார்த்தாராம். அப்போதும் கலரிதான், இப்போதும் கலரிதான் என்று சிரித்தார். பிறகு என்னைக் கண்ணாடிச் சுவர்ப் பக்கம் அழைத்துச் சென்று வெளியே நீரூற்று இருக்கும் முற்றத்தைக் காட்டி, “அந்த இடத்திலே எங்கள் தையற்சாலையில் வேலை செய்த ஒருவனின் வீடு இருந்தது. சமைத்த மீன் வாசனை தெரு முழுவதும் வரும். அவன் புவெர்ட்டோ ரிக்கோக்காரன். வீட்டை உடைத்த பிறகு எங்கே போனான் என்று எனக்குத் தெரியாது” என்றார். மணி அடித்தது. உள்ளே போனோம்.

அவர் சொன்னதை நான் பின்னர் நூல்களிலே தேடிப் படித்தேன். லிங்கன் சென்டர் வெறும் நிலத்திலே எழுந்ததல்ல. சான் ஹுவான் ஹில் என்றும் லிங்கன் சதுக்கம் என்றும் அழைக்கப்பட்ட அந்தப் பகுதியிலே கறுப்பின மக்களும் மேற்கிந்தியத் தீவினரும் புவெர்ட்டோ ரிக்கோ மக்களும் நெருக்கமாக வாழ்ந்தார்கள். ஜாஸ் பியானோ மேதை திலோனியஸ் மொங்க் சிறுவயதிலிருந்து வாழ்ந்தது அங்கே 63ஆம் வீதியில். 1949இன் வீடமைப்புச் சட்டத்தின்படி, சேரி ஒழிப்பு என்ற பெயரிலே நிலத்தை எடுத்து, கட்டுவோருக்குக் குறைந்த விலையில் கொடுக்க மத்திய அரசு பணம் தந்தது. நியூயோர்க்கிலே இந்த அதிகாரம் முழுவதும் ஒருவர் கையில் இருந்தது. அவர் ரொபேர்ட் மோசஸ். எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வராதவர். ஆனால் தேர்தலில் வென்று வந்த மாநகர முதல்வர்கள் அவருக்குப் பயந்தார்கள். 7,000க்கு மேற்பட்ட குடும்பங்களும் நூற்றுக்கணக்கான சிறு கடைகளும் அப்புறப்படுத்தப்பட்டன. குடியிருந்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். 1959 மே 14ஆம் திகதி ஜனாதிபதி ஐசன்ஹவர் வந்து மண்வெட்டியால் முதல் மண்ணை வெட்டினார். வெஸ்ட் சைட் ஸ்டோரி திரைப்படத்தைப் பார்த்த நேயர்களுக்குத் தெருவிலே இளைஞர்கள் ஆடிவரும் காட்சி ஞாபகமிருக்கும். ஆள் வெளியேற்றப்பட்டு இடிபடக் காத்திருந்த இந்த வீதிகளிலும் அதன் படப்பிடிப்பு நடந்தது. படம் பத்து ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது.

மெட்ரோபொலிட்டன் அங்கே போனதில் வியப்பில்லை. மக்கள் ஒபெரா என்று பெயர் வாங்கிய நிறுவனம் போகலாமா என்பதுதான் கேள்வி. போகாமலிருந்தால் 55ஆம் வீதியின் குறுகிய மேடையிலே பழசாகிப் போயிருக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. மோட்டன் பாம், நியூபோல்ட் மொரிஸ் ஆகியோர் லிங்கன் சென்டரை ஆண்ட ரொக்ஃபெல்லர் தரப்போடு நீண்ட இழுபறி நடத்தினார்கள். புதிய மண்டபத்தின் நிர்வாகம் எங்களிடம் இருக்கவேண்டும், விலையை நாங்களே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்களது நிலைப்பாடு. 1965இன் தொடக்கத்திலே அதில் வெற்றியும் பெற்றார்கள்.

தொடக்கம் அமோகமாகவே இருந்தது. 1966 செப்டெம்பரிலே ஒரே முற்றத்தில் இரண்டு கிளியோபாத்ராக்கள். மெட்ரோபொலிட்டன் தன் புதிய மண்டபத்தை சாமுவேல் பார்பரின் அன்டனி அண்ட் கிளியோபாத்ராவோடு திறந்தது. ஏராளமான செலவு, மேடை இயந்திரங்கள் பழுது, கடுமையான விமர்சனங்கள். பதினொரு நாட்கள் கழித்து எதிர்மண்டபத்திலே சிற்றி ஒபெரா ஹண்டலின் ஜூலியஸ் சீசரை மேடையேற்றியது. அதிலே கிளியோபாத்ராவாகப் பாடிய புரூக்ளின் பெண் பெவர்லி சில்ஸ் அந்த ஓரிரவில் நட்சத்திரமானார். பத்து வருடங்களுக்கு மேலாக அதே நிறுவனத்திலே பாடிக்கொண்டிருந்தவர் அவர். 1979இல் அவரே பணிப்பாளரானார். கடன் சுமையிலும், 1985இல் ஆயிரக்கணக்கான மேடை ஆடைகளை எரித்த களஞ்சியத் தீவிபத்திலும் நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தவர்.

ஆனால் ஸ்டேட் தியேட்டர் நடனத்துக்கென்று கட்டிய மண்டபம். நடனக் கலைஞரின் காலடி ஓசை சபைக்குக் கேட்கக்கூடாது என்ற எண்ணத்தோடு அமைத்தது. காலடி ஓசையை விழுங்கும் மண்டபம் குரலையும் விழுங்கும். 1999இலே அங்கே மின்சார ஒலி மேம்பாட்டுச் சாதனத்தைப் பொருத்த வேண்டி வந்தது. ஒலிபெருக்கி இல்லாத குரல் என்ற ஒபெராவின் ஆதாரத்தையே கைவிட்டதாகப் பலர் கொதித்தார்கள்.

பிந்திய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், சொல்வதில் மகிழ்ச்சியில்லை. 2008இலே எண்ணெய்த் தொழிலதிபர் டேவிட் கொக் 100 மில்லியன் டொலர் தருவதாக உறுதியளித்தார். மாநிலத்தின் பெயரைத் தாங்கியிருந்த மண்டபம் அவருடைய பெயரைத் தாங்கியது. திருத்த வேலைக்காக மண்டபத்தை மூடினார்கள். 2008-09 பருவத்திலே சிற்றி ஒபெராவுக்கு வீடு இல்லை, வருமானமும் இல்லை. பாரிசிலிருந்து வரவிருந்த பிரபல பணிப்பாளர் ஜெராட் மோட்டியே, வாக்களித்த பணம் கிடைக்காது என்று கண்டு 2008 நவம்பரிலே விலகிக்கொண்டார். தொடக்கூடாத மூலதன நிதியைத் தொட்டார்கள். 2011இலே லிங்கன் சென்டரையே விட்டு வெளியேறினார்கள். வாத்தியக் கலைஞர்களின் நிரந்தரச் சம்பளம் போய், நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கூலி முறை வந்தது.

2013 செப்டெம்பர் முடிவதற்குள் 7 மில்லியன் டொலர் சேரவேண்டும், இல்லாவிட்டால் மூடுவோம் என்று அறிவித்தார்கள். அதில் ஒரு மில்லியனை இணையத்தின் மூலம் பொதுமக்களிடம் கேட்டார்கள். மூன்று இலட்சம் டொலர் அளவிலே வந்தது. அப்பொழுது மாநகர முதல்வராக இருந்தவர் மைக்கல் புளூம்பேர்க். உலகின் பெருஞ்செல்வந்தர்களுள் ஒருவர், கலைகளுக்குத் தாராளமாகக் கொடுத்தவர். இதற்குத் தாமும் கொடுப்பதாயில்லை, நகரமும் கொடுப்பதாயில்லை என்று தெரிவித்துவிட்டார். நிர்வாகச் சீர்கேட்டுக்குப் பணம் ஊற்ற முடியாது என்பதிலே நியாயம் இருக்கலாம். ஒக்டோபர் தொடக்கத்திலே சிற்றி ஒபெரா வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. 1943இலே வரிப்பாக்கிக் கட்டடமொன்றைக் கண்டு ஒரு மாநகர முதல்வருக்குத் தோன்றிய யோசனை, இன்னொரு மாநகர முதல்வரின் காலத்திலே கணக்காளரின் மேசையில் முடிந்தது.

முற்றாக முடியவில்லை என்றும் சொல்லவேண்டும். 2016 ஜனவரியிலே வேறு நிர்வாகத்தின் கீழ் அதே பெயர் மீண்டும் மேடைக்கு வந்தது. மீண்டும் டொஸ்காவோடுதான். ஆனால் பழைய சிற்றி ஒபெராவின் அளவும் பலமும் திரும்பவில்லை. லிங்கன் சென்டர்காரரும் சிலவற்றை நினைத்துக்கொண்டார்கள். 2022 ஒக்டோபரில் தமது பெரிய இசை மண்டபத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது, இடிக்கப்பட்ட சான் ஹுவான் ஹில் பகுதியைப் பற்றிய ஓர் இசைப் படைப்பை எத்தியன் சார்ல்ஸ் என்ற டிரினிடாட் கலைஞரைக் கொண்டு ஆக்குவித்து அதையே முதலில் அரங்கேற்றினார்கள். நல்ல காரியம். அறுபது வருடங்கள் பிந்திய நல்ல காரியம்.

கடைசியாக நான் அந்த நகரத்துக்குப் போனபோது லிங்கன் சென்டர் பக்கம் போகவில்லை. 55ஆம் வீதிக்கே போனேன். 1983இலே பாதுகாக்கப்பட்ட நினைவுக் கட்டடமாக அறிவிக்கப்பட்ட பழைய மெக்கா டெம்பிள் அதே குவிமாடத்தோடு நிற்கிறது. அங்கே 2004இலே ஒரு நடன விழாவை ஆரம்பித்தார்கள். எந்த ஆசனமும் பத்து டொலர் என்ற கணக்கிலே. விலை பின்னர் ஏறிவிட்டது. ஆனாலும் அந்த நகரத்துக்கு மலிவுதான். நான் போன மாலையிலும் ஒபெரா இல்லை, நடனம்தான். சீட்டு விற்ற பெண்பிள்ளை, நடுவிலே நல்ல இடம் இருக்கிறதே என்றாள். மேலேயே தாருங்கள் என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினேன்.